முதுகில் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

பயம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. எதையாவது வேடிக்கையாகச் சொல்லிவிடும். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம், "பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினா விலையில ஏதாச்சும் கழிவு உண்டா?" என்று கேட்டவன் நான். தாலி கட்டுகிற நேரத்தில் நான் முணுமுணுத்த ஒன்றுக்கு என் மாமனார் இன்றுவரை சிரிக்கவில்லை. இந்த வாயால் நான் பட்ட அவமானங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் உடம்பெல்லாம் நடுங்க வைத்தது ஒரே ஒரு முறைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே ஓர் அறையை எடுத்து, நானும் ஓர் அண்ணனும் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து விற்றுக்கொண்டிருந்தோம். அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை. ரயில்வேயில் வயரிங் வேலை பார்த்தவர். அவருக்குக் கரண்டு தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. எனக்குக் கம்ப்யூட்டர் ஏதோ கொஞ்சம் தெரியும், கரண்டு என்றால் பயம். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். கீழேயிருந்து மல்லிகை வாசம் ஏறிவரும், மேலே ஈயம் உருகுகிற நெடி. படியேறி வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வந்தோமா, பட்டறைக்கு வந்தோமா என்று ஒரு நிமிடம் தடுமாறுவார்கள்.

கோலாலம்பூரின் பெரிய ஆபீஸ்கள் புது மாடல் இறங்கியதும் பழையதைக் கழித்துக் கட்டும். அதை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, உள்ளே செத்துக் கிடக்கும் பல்லிகளை எடுத்து, கெட்டதை மாற்றி, தமிழ் வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற விலைக்குக் கொடுப்போம். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

போர்ட் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். நாலாம் பாரம் படிக்கும் பதினாறு வயது மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேசை மேல் திறந்து கிடந்த ஒரு பெட்டியை எட்டி நின்றே பார்த்தார்.

"தம்பி, இது கெட்டுப்போனதா, நல்லதா?"

"கெட்டுப்போயித் திருந்துனது அக்கா. என்னை மாதிரி."

"உன்னப் பாத்தா திருந்துன மாதிரி தெரியலையே" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறாமல். அண்ணன் பின்னால் திரும்பிச் சிரித்தார்.

விஷயம் இதுதான். பள்ளியில் ஃபோலியோ கேட்கிறார்கள். ஒரு தலைப்பைப் பற்றித் தகவல் சேர்த்து, படம் ஒட்டி, புத்தகம் மாதிரி கட்டிக் கொடுக்க வேண்டும். மகள் கையால் எழுதிக் கொடுத்தாள். அச்சுப் போன்ற எழுத்து. அடுத்த முறை டைப் செய்து கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

"கூடப் படிக்கிற பிள்ள வீட்டுக்குப் போனா தம்பி. கம்ப்யூட்டர் இருக்கு, ஒரு மணி நேரம் குடுத்தாங்க. ஆனா அந்தம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டு, 'மெதுவா அமுக்கு, மெதுவா அமுக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். இவ பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டா."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். ஆயுத பூஜை அன்றைக்குக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சாமி மேடைக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களோடு வைத்துக் கும்பிட்டு, மறுநாள் விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் போட வேண்டும். அந்த வருடம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில் இருப்பார்கள். நாள்காட்டியைப் பார்த்து நேரமும் குறித்துவிட்டார், காலை பத்தேமுக்கால்.

அப்போது எங்களிடம் ஆறு பெட்டிகள் வந்திருந்தன. ஒரு வெளிநாட்டு ஆபீஸ் மூடிக்கொண்டு போனபோது விட்டுப்போனவை. அவர்கள் நாட்டுக் கரண்டு நம்முடையதில் பாதி. அதனால் ஒவ்வொரு பெட்டியோடும் கரண்டைப் பாதியாகக் குறைக்கிற ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்து ஓட்டியிருந்தார்கள். பெட்டியின் பின்பக்கம், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் 115 என்று தெரியும், அந்தப் பக்கம் தள்ளினால் 230. நம் வீட்டுச் சுவரில் செருக வேண்டுமானால் 230 தெரிய வேண்டும். 115-இல் வைத்துச் செருகினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குப் படிக்காமலே தெரியும். அதற்கு முன்பு வேறொரு பெட்டியில் அப்படி ஒருமுறை நடந்திருந்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். உள்ளேயிருந்து ஏதோ பறந்துபோய்க் கூரைப் பலகையில் குத்தி நின்றது. அண்ணனின் வலது புருவம் திரும்ப முளைக்கும்வரை அவர் எந்நேரமும் யாரையோ சந்தேகப்படுகிறவர் போலவே இருந்தார்.

அன்றிலிருந்து அண்ணன் ஒரு விதி வைத்தார். பெட்டியை வந்த நிலையிலேயே முதலில் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் சுவிட்சை 230-க்குத் தள்ள வேண்டும். பிறகு நேரடிக் கரண்டில் அரை மணி நேரம் ஓட வேண்டும். அது முடிந்ததும் சுவிட்சுக்கு மேலே சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் பெட்டி போகலாம். பொட்டு இல்லையென்றால் தொடாதே.

பொட்டு யோசனை என்னுடையது. காகிதத்தில் எழுதி ஒட்டினால் உரிந்து விழுந்தது. கீழே பூக்கடையில் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் பஞ்சமில்லை. வாங்குகிறவர்களும், "கடையிலயே பூஜை போட்டுட்டாங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். என்னைப் போல மூளைக்காரன் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் ஐந்து பெட்டிகள் முடிந்திருந்தன. ஆறாவது டிரான்ஸ்ஃபார்மரில் ஓடி முடித்து, சுவிட்சைத் தள்ளுவதுதான் பாக்கி. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். அதற்குள் அண்ணனின் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், சுண்டல் சட்டியோடு மேலே வந்துவிட்டார்.

"போதும் போதும், சாமானையெல்லாம் கீழ வை. குடு இங்க." என் கையிலிருந்தே ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, மற்ற சாமான்களோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். "நாளைக்குக் காலைல நான் எடுத்துக் குடுக்கிற வரைக்கும் எவனும் கைய வைக்கக்கூடாது."

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம்தான்."

"வருஷம் பூரா அதையேதான் திருகுறீங்க. ஒரு நாளு அதுக்கும் ரெஸ்ட் குடுங்களேன்லா."

சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் வேனைக் கழுவக் கீழே இறங்கினேன். பூஜை முடிந்து சுண்டல் தின்றேன், இரண்டு தடவை. சாயங்காலம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பொட்டு பளிச்சென்று இருந்தது. வேனில் ஏற்றினேன்.

போர்ட் கிள்ளானில் அக்கா வீடு நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்தக் காலத்துத் திரைப்பெட்டி ஓர் அரிசி மூட்டை கனம். இரண்டு நடையாக ஏற்றி முடித்தபோது, கம்ப்யூட்டர் எனக்குத்தான் பூஜை போட வேண்டும் என்று தோன்றியது. சாமி மேடைக்குக் கீழே மேசை தயாராக இருந்தது. மேசைக்கு வெள்ளைத் துணி, துணி மேல் ஐந்தாறு புத்தகங்கள், ஜியாமெட்ரி பெட்டி, ஒரு பென்சில் சீவி. சின்னப் பையன்கள் இரண்டு பேரும் என் காலுக்குள் புகுந்து வந்து பார்த்தார்கள். வயர்களையெல்லாம் மாட்டினேன். வழக்கமாக ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுத்தான் இறங்குவேன். சுவர் சுவிட்சில் கையை வைத்ததும் அக்கா தடுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. பூஜையில வச்சாச்சு. நாளைக்குத்தான்."

அவர் அறையின் கடைசியில், அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிட்டவே வரவில்லை.

"என்னக்கா, அது கடிக்காது. கிட்ட வாங்க."

"எனக்குக் கரண்டு சாமான்னா பயம் தம்பி. நாங்க பந்திங் பக்கம் தோட்டத்துல இருந்தப்போ, எங்க அண்ணன் அப்படித்தான் போனாரு. இஸ்திரிப் பெட்டி. ஈரக் கையோட தொட்டாரு. நான்தான் அப்ப கூட இருந்தேன்." பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "இது வெடிக்கிறது கிடிக்கிறது ஒன்னும் இல்லையே? இதுங்க மூணும் இதுமேலதான் உக்காந்திருக்கும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? "ஒன்றும் ஆகாது அக்கா" என்று சொல்லியிருக்கலாம். அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னவோ போல இருந்தது எனக்கு. என்னவோ போல இருந்தால் என் வாய் என்ன செய்யும் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

"வெடிச்சா, தீபாவளி முன்னாடியே வந்துருச்சின்னு நெனச்சுக்குங்க அக்கா!"

பையன்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். கடையில் அண்ணி சூடம் காட்டிவிட்டு ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஸ்க்ரூடிரைவர். அதன் கைப்பிடியிலும் பொட்டு. டிரான்ஸ்ஃபார்மர் மேல் பொட்டு. கத்தரிக்கோலில் பொட்டு. டெலிஃபோனில் பொட்டு. மூலையில் இருந்த துடைப்பத்தில் கூட ஒரு பொட்டு.

"என்ன அண்ணி, அண்ணனை மட்டும் விட்டுட்டீங்க போலிருக்கு?"

"அவரு எந்த வேலைக்கும் உதவுற சாமான் இல்லையே" என்றார் அண்ணி.

நான் நன்றாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அந்த ஆறாவது பெட்டியை முடிக்கலாம் என்று பொட்டில்லாத பெட்டியைத் தேடினேன். எங்கள் அலமாரியில் பெட்டிகள் சுவரைப் பார்த்துக்கொண்டும் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டும் நிற்கும், வயர் மாட்ட வசதியாக. முதல் முதுகில் பொட்டு. இரண்டாவதில் பொட்டு. ஐந்து முதுகிலும் பொட்டு.

"அண்ணி, கம்ப்யூட்டருக்கும் நீங்கதான் வச்சீங்களா?"

"அஞ்சுல இருந்துச்சு. ஒன்னு மட்டும் வெறும் நெத்தியா நின்னுச்சு. பாவமா இருந்துச்சு, அதுக்கும் வச்சேன்."

சிரிப்பு என் முகத்திலேயே இருந்தது, இறக்கிவைக்கத் தெரியாமல். குனிந்து சுவிட்சுகளைப் பார்த்தேன். 230. 230. 230. நாலாவதுக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தேன். 230. கடைசிப் பெட்டியின் பொட்டை விரலால் வழித்தே எறிந்துவிட்டுப் பார்த்தேன், ஏதோ பொட்டுக்குக் கீழே 115 ஒளிந்திருக்கும் என்பது போல. 230.

அப்படியென்றால் 115 போர்ட் கிள்ளானில் இருந்தது. வெள்ளைத் துணி மேல், மூன்று பிள்ளைகளுக்கு நடுவில்.

அண்ணனைப் பார்த்தேன். அவர் கை தானாக வலது புருவத்துக்குப் போயிருந்தது.

"ஃபோன் போடு" என்றார்.

அக்கா வீட்டில் ஃபோன் இல்லை. கொடுத்திருந்த எண் ஃப்ளாட்டுக்குக் கீழே உள்ள மளிகைக்கடையுடையது. கடைக்காரச் சீனர் எடுத்தார். மூச்சு முட்ட மலாயில் விஷயத்தைச் சொன்னேன். நாலாவது மாடி, தமிழ் வீடு, கம்ப்யூட்டர், தொடக்கூடாது. அவர் நிதானமாக ஏதோ மென்று விழுங்கிவிட்டுப் பதில் சொன்னார். கடையில் ஆள் இல்லை, லிஃப்ட் ரோசாக், கெட்டுக் கிடக்கிறது, அந்த வீட்டிலிருந்து யாராவது முட்டை வாங்க வந்தால் சொல்கிறேன். நான் கெஞ்சினேன். "ஓக்கே லா, பாஸ்" என்றார், வைத்துவிட்டார். அந்த "ஓக்கே"யின் அர்த்தம் போகிறேன் என்பதா, போய்த் தொலை என்பதா என்று எனக்குப் புரியவில்லை.

மணி பத்தாகப் பத்து நிமிடம். வேனில் போனால் நெரிசலில் மாட்டுவேன். அண்ணனின் பழைய மோட்டார்சைக்கிளை எடுத்தேன். அதன் ஹேண்டிலிலும் பொட்டு.

ஃபெடரல் ஹைவேயில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனிப் பாதை உண்டு. பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன சக்கரம் தெரியாத மழை. பாலங்களுக்கு அடியில் பத்துப் பதினைந்து பேர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பாலத்தடியிலும் என் வண்டியும் தானாகவே வேகம் குறைந்தது. மழையில் அந்தப் பாதையில் விழுந்தவர்களைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் நின்று, ஓசியில் ஒரு சிகரெட் வாங்கி, இரண்டு கதை அவிழ்த்திருப்பேன். அன்றைக்கு நிற்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டி வெடித்துவிடுமோ என்ற பயம் வழுக்கி விழுவேனோ என்ற பயத்தைவிடப் பெரியது, அவ்வளவுதான்.

யார் அந்தப் பட்டனை அமுக்குவார்கள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவளா? அவளுக்காகத்தானே வாங்கியது. குனிந்து, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அமுக்குவாள். இல்லை, கடைக்குட்டி பிடிவாதம் பிடித்திருப்பான், தூக்கிப் பிடித்து அவனை அமுக்கச் சொல்வார்கள். அவன் கை என் உள்ளங்கையில் பாதி இருக்கும். நடுப் பையன் வயர் எங்கே போகிறது என்று பார்க்கப் பின்னால் போய் நிற்பான். முந்தின நாளே அங்கேதான் நின்றான். சிவப்பு சுவிட்சுக்கு நேரே. இந்த மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே ஷா ஆலாமைத் தாண்டினேன். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் என் குரலே கேட்டது: "தீபாவளி முன்னாடியே வந்துருச்சின்னு..."

கிள்ளான் டவுனில் மழை விட்டிருந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் அசையாமல் நின்றன. கண்ணாடிகளில் இடித்துக்கொண்டு நடுவில் புகுந்தேன். ஒருவர் கத்தினார். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன், பல் தந்தியடித்ததில் வாயிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது.

பாலத்தை இறங்கி, துறைமுகப் பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து சங்கு ஊதிக்கொண்டு போம்பா வண்டி வந்தது. தீயணைப்பு வண்டி. சிவப்பாக என்னைக் கடந்து, நான் போக வேண்டிய அதே சாலையில் போயிற்று.

வழியெல்லாம் எதையெதையோ வேண்டிக்கொண்டு வந்தவன், அப்போது எதுவுமே வேண்டிக்கொள்ளவில்லை. அதன் பின்னாலேயே போனேன். அது வேகமாகப் போனால் பயமாக இருந்தது, மெதுவாகப் போனாலும் பயமாக இருந்தது. ஃப்ளாட்டுக்குத் திரும்புகிற சந்திப்பு வந்தது. போம்பா வண்டி திரும்பாமல் நேராகத் துறைமுகக் கிடங்குகளை நோக்கிப் போயிற்று. தீ வேறு எங்கோ என்பதற்காக நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மணி பத்து நாற்பத்தைந்துக்கு ஒரு நிமிடம் இருக்கலாம், தாண்டியும் இருக்கலாம். என் கடிகாரத்துக்குள் மழைத் தண்ணீர். கீழே மளிகைக்கடைச் சீனர் என்னைப் பார்த்து, "யாரும் முட்டை வாங்க வரலை" என்று கையை விரித்தார். படிகளில் தாவினேன். மூன்றாவது மாடியில் புகை நெடி வந்தது. என் கால் நின்றுவிட்டது. ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். சாம்பிராணி. சாம்பிராணிதான். மறுபடி ஏறினேன்.

நாலாவது மாடி நடையில் பிள்ளைகள் மூன்று பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்க?"

மூத்தவள் காதிலிருந்து கையை எடுத்தாள். "உள்ள. அப்பா லோரிக்குப் போயிட்டாரு. எங்கள வெளிய போகச் சொல்லிட்டாங்க அங்கிள். அவங்க மொதல்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடுறேன்னாங்க."

இரும்புக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அக்கா தனியாக மேசைக்கு முன்னால் நின்றார். நல்ல சேலை. காலில் ரப்பர் சிலிப்பர். சாமி மேடைக்கு முன்னால், பூஜை நாளில், சிலிப்பர் போட்டுக்கொண்டு நின்றார். கையில் நீளமான மர அகப்பை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை மூடி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, அகப்பையின் நுனியால் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். சுவர் சுவிட்ச் போட்டிருந்தது.

"அக்கா! தொடாதீங்க!"

அகப்பை கீழே விழுந்தது. பட்டன் மேல் விழவில்லை.

"சுவரு சுவிட்ச அடைங்க. மொதல்ல அதை அடைங்க."

அடைத்தார். கதவைத் திறந்தார். நான் சொட்டச் சொட்ட உள்ளே போய் நின்றேன்.

"ஏன் தம்பி இப்படி ஓடியாந்த?"

ஒரு பொய் தயாராகவே இருந்தது. மவுஸுக்கு அடியில் போடுகிற பலகை கொடுக்க மறந்துவிட்டேன், அதான் வந்தேன். சொல்லிவிட்டு, பின்னால் குனிந்து சுவிட்சைத் தள்ளிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தச் சிலிப்பரைப் பார்த்தேன். பொய் வரவில்லை.

சொன்னேன். சிவப்பு சுவிட்ச், ஸ்க்ரூடிரைவர், அண்ணி வைத்த பொட்டு, பொட்டை மட்டும் பார்த்து எண்ணைப் பார்க்காதது, எல்லாவற்றையும்.

"போட்டிருந்தா வெடிச்சிருக்குமா?"

"வெடிச்சிருக்கும் அக்கா."

"ஆளு போயிருக்குமா?"

"பெரும்பாலும் சத்தமும் புகையும்தான்..."

"பெரும்பாலும்னா?"

வேடிக்கையாகச் சொல்லக்கூட ஒன்றும் வரவில்லை.

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நீ நேத்து சிரிச்சுக்கிட்டே சொன்ன. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. வேணாம்னு சொல்லிடலாம்னு பாத்தேன். இவ முகத்தப் பாத்தா சொல்ல முடியல. சரி, வெடிச்சா என்னோட போகட்டும்னுதான்..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். பிறகு, "திருப்பு அதை" என்றார்.

அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மூத்தவள் தன் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்துக் கொடுத்தாள். அதன் முனையால் தள்ளினேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை 'டக்' என்றது. 230. பொட்டைத் துடைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முதல் முறையாகப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். எண்ணை வாய்க்குள் படித்துக்கொண்டார். மகளையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

"சரி. பிள்ளைங்களா, வெளிய போங்க." சிலிப்பரைக் கழற்றி என் காலருகே தள்ளினார். "இப்ப நீ போடு."

அந்த ஊதா நிறச் சிலிப்பரில் என் பாதம் பாதிதான் நுழைந்தது, குதிகால் சிமெண்டுத் தரையில் இருந்தது. எண் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து பெட்டிகளில் நானே தள்ளி ஓட்டியிருக்கிறேன். ஆனால் இது அரை மணி நேரம் ஓடிப் பார்க்காத பெட்டி. உள்ளே வேறு என்ன கெட்டிருக்கிறது என்று யார் கண்டது? சுவர் சுவிட்சைப் போட்டேன். விரலை நீட்டினேன். விரல் போகவில்லை. அக்கா குனிந்து, விழுந்து கிடந்த அகப்பையை எடுத்து, என் கையில் கொடுத்தார். மரியாதையை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடினேன். அமுக்கினேன்.

விசிறி சுற்றுகிற சத்தம். ஒரு 'பீப்'. கண்ணைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்டார்கள்.

நான் கிளம்பினேன். அக்கா விடவில்லை. சுவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டார். "அதுல கைய வச்சுக்கிட்டு உக்காரு. ஏதாச்சும் நெடி வந்தா ஒடனே அடை." அரை மணி நேரம் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. மூத்தவள் டைப் செய்துகொண்டிருந்தாள், ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி. மெதுவாக அமுக்கு என்று யாரும் சொல்லவில்லை. பையன்கள் முறை கேட்டு இடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை பெட்டி முனகும்போதும் அக்கா என்னைப் பார்ப்பார், நான் பெட்டியைப் பார்ப்பேன். என் ஆள்காட்டி விரல் சுவிட்சை விட்டு அசையவே இல்லை.

அக்கா ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்தார். இடது கையால் எடுத்தேன்.

"பூஜைச் சுண்டலை இடது கையாலயா தின்னுவாங்க?"

"வலது கை வேலையா இருக்குக்கா."

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளின் முதுகைப் பார்த்தபடி கேட்டார்.

"தீபாவளி எப்ப தம்பி?"

"இன்னும் இருபது நாளு இருக்குக்கா."

"ஆங். அப்பவே வரட்டும்."